அறுத்த பாத்திகள்

6 அக்டோபர் 2025, திங்கள்

ஒரு சின்னத் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். தோட்டத்துப் பலகையில் "ஆய்வு: 13" என்று எழுதியவள் நான். இந்த இடத்தைப் பார்க்கிங்குக்கு எடுப்பது பற்றி மாநகராட்சி அனுப்பிய கடிதத்தில் ஆய்வு 6ஆம் தேதி. 13 என்பது மறுப்புக் கொடுக்கக் கடைசி நாள், கீழ் வரியில் இருந்தது. வரி மாறிப் பார்த்துவிட்டேன். சின்னத் தப்பு என்று எழுதுவது சரியா என்று தெரியவில்லை.

இந்த இடம் எட்டு வருடங்களுக்கு முன் திருப்பதியின் இந்தப் பக்கத்துக் குப்பையெல்லாம் கொட்டும் இடம். பகலில் பள்ளியில் அறிவியலும் மாலையில் எங்களுக்குப் பத்தாம் வகுப்பும் நடத்தும் தாட்சாயணி டீச்சர்தான் அதை வாரினார். லாட்ஜ்களில் போர்வை துவைக்கும் நாங்கள் பதினெட்டுப் பேர் கூட இருந்தோம். ஊரில், சத்தியவேடு பக்கம், எங்கள் யார் வீட்டுக்கும் சொந்த நிலம் கிடையாது. இங்கே பன்னிரண்டு பாத்தி.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை எல்லாவற்றையும் அறுத்துவிடுவோம். ஓர் இலை மிச்சம் வைத்தாலும் பெருமாளுக்கு ஒளித்ததாகும் என்பார் கமலம்மா அக்கா. தளிகைக்குப் போக மீதி தெருவுக்கு. ஆய்வு ஆறாம் தேதி என்று தெரிந்திருந்தால் டீச்சர் பாதியாவது விட்டிருப்பார்.

மாலை வகுப்பு நடக்கும்போது வார்டு அதிகாரி போனோடு வந்தார்.

"ஏமுந்தம்மா இக்கட? மட்டி தப்ப ஏமீ லேது." இங்கே என்ன இருக்கிறது, மண்ணைத் தவிர ஒன்றுமில்லையாம்.

"சனிக்கிழமைக்கு அறுத்தது சார். கீரைக்கட்டை நிக்குது பாருங்க. பத்து நாள்ல தழைக்கும்," என்றார் டீச்சர்.

"போட்டோல கட்டை தெரியாதும்மா."

கமலம்மா அக்கா எழுந்தார். "சனிக்கிழமை உன் வூட்ல இன்னா துன்ன? எங்க வெண்டிக்காதானே? உன் பொண்டாட்டி பை எடுத்துகினு வந்து வாங்கிகினு போச்சே, அப்ப தெரிஞ்சிதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி போனையே பார்த்தார். டீச்சர் ஐந்தாம் பாத்தியில் கையால் தோண்டி, முற்றாத சேப்பங்கிழங்கை மண்ணோடு அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது மண்ணா?"

"அப்லோட் ஆயிடுச்சு. மேலதிகாரிங்க இங்க பார்க்கிங்னு முடிவு பண்ணிட்டாங்க. நான் இன்னா பண்றது?" பாத்தி நடுவிலேயே மிதித்துக்கொண்டு போனார்.

பிறகு என் தப்பைச் சொன்னேன். "எட்டு வருஷம் குப்பை வாரினேன். உன்னால ஒரு தேதி பார்க்க முடியலையா?" என்று எல்லோர் முன்னும் கேட்டார் டீச்சர்.

"பலமனேர் நர்சரில தக்காளி நாத்து வாங்கியாந்து நட்டுட்டு, நாமளே போட்டோ புடிச்சி குடுத்துடலாம் டீச்சர்," என்றார் அக்கா.

"வேணாம். அவன் கண்ணை மூடிக்கினா நாம நாடகம் போடணுமா? வந்து நின்னு கட்டையைப் பார்க்கட்டும்."

எனக்கு அக்கா சொன்னதே சரி என்று பட்டது. இடமே போன பிறகு நேர்மையை எந்தப் பாத்தியில் நடுவது? அந்த ஆள் மேல் கோபம், டீச்சர் மேலும் கோபம். எல்லாவற்றுக்கும் மேல் என் மேல்.

போகும்போது டீச்சர் திரும்பாமலே சொன்னார்: "பிரமிளா, மறுப்புக் கடிதம் நீ எழுது. தேதி தப்பா எழுதினதையும் எழுது. நாம சொன்னா உண்மைன்னு இருக்கட்டும்."

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நான்காவது இருக்கிறது.

நாளை: லாட்ஜில் அரை நாள் லீவு கேட்க வேண்டும். பத்து மணிக்குள் பதினெட்டுக் கையெழுத்து. கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்க வேண்டும்.