தேங்காய்ப்பட்டணத்துத் தெச்சி

எனக்கு முன்கோபம் அதிகம். வாத்தியார் வேலைக்கு அது கொஞ்சம் உதவியது, வீட்டுக்கு உதவவில்லை.

1926-இல் என்னைத் தேங்காய்ப்பட்டணம் பக்கத்து மிஷன் பள்ளிக்கு மாற்றினார்கள். என் மனைவி ஜெபகுமாரி களியக்காவிளைச் செம்மண்ணில் பிறந்தவள். கடலின் இரைச்சலில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை, மீன்வாடையில் சோறு இறங்கவில்லை. அம்மா வீட்டு வேலியிலிருந்து சிவப்புத் தெச்சிக் கம்பு ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். சிலர் இட்லிப்பூ என்பார்களே, அதுதான். பாதி முற்றிய கம்பு. அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, ஆனி மழையில், வாசலருகே அரைநிழலில் ஊன்றினாள். இரண்டு மாதம் அப்படியே நின்றுவிட்டுத்தான் துளிர்த்தது.

"கேட்டியளா, இது பூத்தா நான் இஞ்ச இருப்பேன். இல்லேன்னா மாற்றல் கேட்டு எழுதணும்" என்றாள்.

எனக்கோ அந்தப் பள்ளியும் அந்தப் பிள்ளைகளும் மிகவும் பிடித்துப்போயிருந்தன. அவளைவிட நான்தான் அந்தச் செடியை அதிகம் நம்பியிருந்தேன்.

அவளுக்கு அங்கே இருந்த ஒரே தோழி அடுத்த வீட்டு செசிலி. கத்தோலிக்கப் பெண், மீன் விற்பவள். வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று இருவரும் பேச ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் சோறு குழைந்துவிடும்.

மூன்று வருடம் போனது. செடி பூக்கவில்லை. இலை மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. ஜெபகுமாரி காலையில் அதன் முன் நின்று பார்த்துவிட்டு உள்ளே போவாள். அப்படி ஒரு காலையில், செசிலி வேலியோரம் மீன்கூடை கழுவுவதைப் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"உப்புத் தண்ணிய ஊத்தி எங்க செடியக் கொன்னுட்டியே!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

"டைட்டஸ் சாரே, இந்தக் கூடை கழுவுன வெள்ளம் எனக்க தென்னை மூட்டுக்காக்கும் போவுது. உங்க செடிக்கிட்ட ஒரு துளி வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கூடையோடு போய்விட்டாள். பிறகு வேலிப்பக்கம் வரவேயில்லை.

ஜெபகுமாரி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசியபோது, "மாற்றல் எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

போகும்போது செடியையும் கொண்டுபோகலாமென்று, ஒருநாள் அவள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தபோது தோண்டிப் பார்த்தேன். மண்வெட்டி எதிலோ இடித்தது. செடியின் வேரைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் கட்டி. சிப்பி சுட்ட சுண்ணாம்பு! ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக்கு வெள்ளையடித்து, செடியைச் சுற்றியிருந்த கற்களுக்கும் அழகுக்காக அடித்து, வாளி கழுவிய தண்ணீரை எறும்பு வராதென்று அங்கேயே கவிழ்த்தவன் நான்தான். தெச்சிக்குப் புளிப்பு மண் வேண்டும், சுண்ணாம்பு ஆகாது. தாவரப் பாடம் நடத்துகிறவனுக்கு அது தோன்றவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

உடனே செசிலி வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்மேலதான். செடியக் கெடுத்தது நானாக்கும்" என்றேன்.

"எனக்கிட்ட சொல்லியாச்சு. ஜெபகுமாரிக்கிட்ட சொல்லியாச்சா?"

"இல்ல."

"பயமாக்கும், இல்லியா? வாங்க, நானும் கூட வாறேன்."

அன்று நான் சொன்னதைக் கேட்டு அவர்கள் இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அதைவிட நல்ல நாள் என் வாழ்க்கையில் அதிகம் இல்லை.

சுண்ணாம்பு மண்ணை அள்ளி எறிந்தோம். களியக்காவிளையிலிருந்து மாட்டுவண்டியில் செம்மண் வந்தது. செசிலி வாரம் தவறாமல் புளித்த கஞ்சித்தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். மறு வருடம் சித்திரையில் செடி முழுக்கக் கொத்துக் கொத்தாகப் பூத்தது.

அதே வாரம் மாற்றல் உத்தரவும் வந்தது. எழுதிக் கேட்டதையே நான் மறந்துவிட்டிருந்தேன்.

"பூத்தாச்சில்லியா? பின்ன எதுக்குப் போவணும்?" என்று ஜெபகுமாரி அழுதாள். உத்தரவு வந்தால் போகாமல் முடியுமா? செடியைச் செசிலியிடம் ஒப்படைத்துவிட்டு, களியக்காவிளைக்கே திரும்பினோம்.

சந்தைக்கு மீன் கொண்டுவரும்போதெல்லாம் செசிலி எங்கள் வீட்டுக்கு வருவாள். கூடையில் மீனுக்கு மேலே, வாழையிலையில் சுற்றிய தெச்சிக்கொத்து ஒன்று இருக்கும். எங்கள் வேலியில் அதே பூ கொள்ளை கொள்ளையாகப் பூத்துக் கிடந்தது. ஜெபகுமாரி அதில் ஒன்றைக்கூடப் பறித்ததில்லை. செசிலியின் கொத்தை மட்டும் கண்ணாடித் தம்ளரில் வைத்து மேசைமேல் வைப்பாள்.

ஒருமுறை, மீன்வாடை போகட்டுமென்று நான் அதைத் தண்ணீரில் அலசப் போனேன்.

"கழுவாண்டாம், அப்படியே இருக்கட்டு" என்று வாங்கிக்கொண்டாள்.