பலகையில் நான்கு நூல்கள்

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அந்த வீட்டில் மேசை முன் உட்கார்ந்து சாப்பிட வாய்க்கும். அதற்கும் வந்தது வினை. மேசை மேல் ஐந்தடிப் பலகை ஒன்று ஏறிக் கிடந்தது. நீளவாக்கில் ஒரு பள்ளம், ஒரு முனைக்கு அடியில் தடித்த அகராதி. தையல்காரி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் கணவர் பௌதிக வாத்தியார். நடக்கும்போது தலை இரண்டு பக்கமும் ஆடுவதால் பிள்ளைகள் வைத்த பெயர் பெண்டுலம். இரண்டு வருடமாகக் கண் மங்கி மங்கி, இப்போது வெளிச்சம் எது, நிழல் எது என்பது மட்டும்தான் தெரிகிறது. நாளைக்குத் தலைமையாசிரியை வகுப்பில் வந்து உட்காரப்போகிறார். செய்முறை வகுப்பை ஒழுங்காக நடத்திக் காட்டினால் வகுப்பு இவருக்கு. இல்லாவிட்டால் நூலகத்துக்கு மாற்றம்.

“கண்ணு தெரியாதவனை நூலகத்துல உட்கார வைக்கிறாங்களாம். நல்லா யோசிச்சிருக்காங்க,” என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பள்ளத்துக்குக் குறுக்கே நான்கு நூல் இழுத்துக் கட்டச் சொன்னார். பொத்தான் துளை வைத்தே பழகிய கை. ஓர் அடிக்கு ஒன்றாகச் சமமாக இழுத்து, குண்டூசியால் குத்தினாள். அவர் மேல்முனையிலிருந்து இரும்புக் குண்டை விட்டார். நூலில் ஏறி இறங்கும்போதெல்லாம் டிக் என்றது. முதலில் நிதானமாக, கடைசியில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி.

“கேட்டியா? போகப் போக அவசரப்படுது. தாளம் சமமா விழற வரைக்கும் நூலை நகர்த்து.”

நகர்த்தினாள். அவர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே “இன்னும் மேல”, “கொஞ்சம் கீழ” என்றார். அடுப்பில் வைத்தது அடிபிடித்தது. பிடித்தால் பிடிக்கட்டும் என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்து அடுத்த ஊசியைப் பிடுங்கினாள்.

“நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் இப்படித்தான் உருட்டிப் பார்த்தாரு. நொடி காட்டுற கடிகாரமே அப்ப கிடையாது. தண்ணியை ஒழுக விட்டு, அதை எடை போட்டு நேரம் கணக்குப் பண்ணாரு. காதாலயும் அளந்திருப்பாருன்னு சிலர் சொல்றாங்க. அவரோட அப்பா வாத்தியக்காரர், வீட்டுல எந்நேரமும் தாளம்தான்.”

மத்தியானம் தாண்டித் தாளம் சேர்ந்தது. டேப்பை வைத்து மேல்முனையிலிருந்து இடைவெளிகளை அளந்தாள். மூன்று அங்குலம். ஒன்பது. பதினைந்து. இருபத்தொன்று. மறுபடி அளந்தாள்.

“ஏங்க, முதல்ல மூணு. அப்புறம் அதுல மூணு மடங்கு, அஞ்சு மடங்கு, ஏழு மடங்கு. எல்லாம் ஒத்தப்படையா வருதே! காதுக்குச் சரியா இருந்த இடத்துலதானே குத்தினேன்?”

“ஆமா. அவருக்கும் இப்படித்தான் மயிர்க்கூச்செறிஞ்சிருக்கும். இந்தக் கணக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பின்னாடி வந்தவங்க நிலா வரைக்கும் போனாங்க. நிலாவும் விழுந்துக்கிட்டேதான் இருக்கு. பக்கவாட்டுல ஓடிக்கிட்டே விழறதால நம்மைச் சுத்தி வருது.” குண்டை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். “கடைசிக் காலத்துல அவருக்கும் கண்ணு போயிடுச்சு. ஆனா விடல மனுஷன். அவர் சொல்லச் சொல்ல மத்தவங்க எழுதினாங்க.”

முப்பது வருடம் தன் கழுத்திலேயே கிடந்த டேப்பை அவள் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். எவ்வளவு பொறுமை இருந்திருக்க வேண்டும் அந்த மனிதருக்கு! முகம் தெரியாத அவர்மேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை வந்தது.

மறுநாள் நூல் கட்டித்தர அவளும் வகுப்புக்குப் போனாள். குண்டு உருண்டது. நான்கு டிக்கும் சமமாக விழ, பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். ஒரு பெண் ஏதோ சந்தேகம் கேட்க, வாத்தியார் குரல் வந்த பக்கம் திரும்பினார். அந்த இடைவெளியில் தலைமையாசிரியை பூனை போல எழுந்து வந்து, மூன்றாவது நூலை இரண்டு விரல் கீழே தள்ளிக் குத்தினார். தையல்காரி பார்ப்பதைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார்.

 இவள் ஓர் இருமல் இருமினால் போதும், கணவருக்குப் புரிந்துவிடும். இருமல் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் இருமிக் காப்பாற்றினால் அது இவள் வாங்கிக் கொடுத்த வகுப்பாகத்தான் இருக்கும். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

குண்டு உருண்டது. ஆடிக்கொண்டிருந்த தலை நின்றது. 

“மூணாவது நூல் லேட்டா கூப்பிடுது,” என்றார். “யாரோ ரெண்டு விரல் கீழ தள்ளியிருக்கீங்க. யாருன்னு கேக்க மாட்டேன். சோதிச்சுப் பார்க்காம நம்பாதவங்க நம்ம ஆளுங்கதான். பழைய இடத்துலயே வெச்சிடுங்க.”

தையல்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. தலைமையாசிரியை அவளைப் பார்த்துக் கை நீட்டினார். இவள் டேப்பைக் கொடுத்தாள். அந்த அம்மாள் பலகை முன் குனிந்து, மூன்றும் ஒன்பதும் பதினைந்தும் கூட்டி, மேலிருந்து இருபத்தேழு அங்குலம் அளந்து, ஊசியைக் குத்தினார். வகுப்பைப் பற்றியோ நூலகத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“இன்னொரு தடவை, சார்.”

அந்தக் குரல் பலகைக்குப் பக்கத்திலிருந்து வந்ததில், நூலைத் தள்ளியது யார் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மெல்லச் சிரித்தபடி குண்டை மேல்முனையில் வைத்துப் பிடித்தார். தலைமையாசிரியை நாற்காலிக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே கண்களை மூடிக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்தார். அவரைப் பார்த்து முன் வரிசைப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகக் கண்ணை மூடினார்கள்.