சுவரின் நடுப்பக்கம்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு ராத்திரி வேலை. காலையில் விடுதி அறைக்குத் திரும்பும்போது, கூடத் தங்கியிருக்கும் தையல் கம்பெனிப் பெண் கிளம்பிப் போயிருப்பாள். தலையணையில் பள்ளம் இருக்கும், கண்ணாடியில் ஆவி இருக்கும், ஆள் இருக்கமாட்டாள். மாதக்கணக்காக ஒரே கூரை, ஆனால் முகம் தெரியாது. மனசுக்குள் அவளுக்குப் ‘பகல்காரி’ என்று பேர் வைத்திருந்தாள்.

அந்த அறையில் ஒரு சுவர் முழுக்க, செல்போனில் அனுப்புவதைக் காட்டும் மின்திரை. இடது பக்கம் இவளுக்கு, வலது பக்கம் பகல்காரிக்கு, நடுப்பக்கம் பொது. சொந்தப் பக்கம் அவரவர் அறையில் இருக்கும்போது மட்டும் எரியும். இருவரும் சேர்ந்து அறையில் இருந்தால் சொந்தப் பக்கங்கள் தாமாகவே அணைந்து, நடு மட்டும் எரியும் என்று சொல்லியிருந்தார்கள். அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. நடுவில் குப்பை வண்டி வரும் கிழமையைத் தவிர வேறெதுவும் வந்ததுமில்லை.

இவள் தன் பக்கத்தில் தினமும் கடவுளுக்கு ஒரு வரி எழுதுவாள். அன்று வேலைக்குப் போகிற பஸ்ஸிலேயே செல்போனில் எழுதி அனுப்பினாள். பஸ் குலுங்கியதில் விரல் இடம் மாறியதைக் கவனிக்கவில்லை.

காலையில் கதவைத் திறந்தாள். எதிர்க்கட்டிலில் தலை வாராத ஒரு பெண், செருப்பு மாட்டியபடி உட்கார்ந்திருந்தாள். சுவரின் இரு ஓரமும் இருட்டு. நடுவில் முழ உயரத்துக்கு எழுத்து:

‘கடவுளே, இன்னிக்கும் யாரோடயும் ஒரு வார்த்தை பேசல. நாளைக்காவது யாரையாவது பேச வை.’

இவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. “ஐயோ, இப்பவே அழிச்சிடறேங்க.”

“இருக்கட்டும். சாமிக்குப் போட்ட மனுவைப் படிச்சது தப்புதான். அதுக்காக, கண்ணை மூடிக்கிட்டா பல் தேய்க்க முடியும்?”

இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் சிரிப்பே யாரோ சிரித்ததுபோல் கேட்டது.

“உங்களுக்கு நேரமாகலையா?”

“பஸ் எப்பவோ போயாச்சு. ராக்காரி மூஞ்சியைப் பார்க்காம கிளம்ப மனசு வரல.”

“ராக்காரியா?”

“பேர் தெரியாதே, வேற எப்படிக் கூப்பிடறதாம்?”

கடவுள் பதிலை யார் கையில் கொடுத்தனுப்புவார் என்று யார் கண்டது? சில சமயம் அது தலை வாரக்கூட நேரமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும்.

பகல்காரி எழுந்தாள். “இன்னிக்கு சூப்பர்வைசர்கிட்ட திட்டு எனக்கு. சாயந்திரம் நான் வர்ற வரைக்கும் இரு. நீயும் லேட்டாப் போனா அந்தத் திட்டு உனக்கு. சரியாப் போச்சா?”

கதவு சாத்திக்கொண்டது. இடது பக்கம் மறுபடி எரிந்தது. அறையில் பழைய அமைதி வந்து உட்கார்ந்துகொண்டது. எதிர்த் தலையணையின் பள்ளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அன்றைய வரியை எழுதி, தெரிந்தே நடுப்பக்கத்துக்குத் தள்ளினாள்:

‘கடவுளே, பகல்காரிக்குத் திட்டு ரொம்ப விழாம பார்த்துக்கோ.’