பென் கர்ராக்கில் இரண்டு கற்குவியல்

டோர்க்வில் கெடஸ் தன் கடைசி மலையில் ஏறப்போகிறான் என்பது பியூலியில் எல்லோருக்கும் தெரியும். யாருக்காவது தெரியாமல் போயிருந்தால் அது அவன் குற்றமில்லை. ரொட்டிக்கடை வரிசையில் சொன்னான், தேவாலய வாசலில் சொன்னான், என் மருத்துவமனையில் பூனையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களிடமும் சொன்னான். நான் கால்நடை மருத்துவன். அந்தப் பூனைகளில் குறைந்தது இரண்டு இந்தச் செய்தியை இரண்டு தடவை கேட்டிருக்கும்.

எங்கள் நாட்டில் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைகள் இருநூற்று எண்பத்திரண்டு. மன்ரோ என்று அவற்றுக்குப் பெயர். புத்தியுள்ளவர்கள் அவற்றைக் காரில் இருந்தபடியே பார்த்துவிட்டுப் போவார்கள். மற்றவர்கள் ஒவ்வொன்றாக ஏறி, புத்தகத்தில் குறித்துக்கொள்வார்கள். டோர்க்வில் முப்பத்தாறு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். எதையாவது எண்ணாமல் அவனால் இருக்க முடியாது. இருநூற்று எண்பத்தொன்றை முடித்திருந்தான். பாதிக்கு மேல் நானும் கூடப் போயிருக்கிறேன். ஒரே கூடாரத்தில் படுத்து, அவனுடைய குறட்டையை எல்லா உயரத்திலும் கேட்டவன் நான் ஒருவன்தான்.

மிச்சமிருந்தது பென் கர்ராக். நானும் ரொட்டிக்கடை மர்டோவும் கூடப் போவதாக ஏற்பாடு. ஆனால் ஊர் வாயைப் பிளந்தது டோர்க்வில்லின் மனைவி எஃபியும் வருகிறாள் என்பதற்குத்தான். பியூலியில் பாதிப் பெண்களுக்கு முடிவெட்டுகிறவள் எஃபி. கல்யாணமான நாளிலிருந்து ஒரு மலையிலும் கால் வைத்ததில்லை. "மேல போயிட்டு அதே கார்கிட்ட தானே திரும்பி வரப்போறீங்க? நான் காருலயே இருக்கேன்" என்பாள். கடைசி மலை என்பதால் ஒரே ஒரு தடவை வருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை காலை. கார்களை நிறுத்திய இடத்தில் காற்றே இல்லை. மிட்ஜ் பூச்சிகள் எங்களுக்காகவே பட்டினி கிடந்தவை மாதிரி வந்து மொய்த்தன. அதற்கு நடுவில் நின்றுகொண்டு டோர்க்வில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தான். தட்டச்சு செய்த கால அட்டவணை. ஏழு நாற்பது புறப்பாடு, ஒன்பதே கால் தேநீர், பன்னிரண்டு பத்து உச்சி, பன்னிரண்டேகால் கைகுலுக்கல், பன்னிரண்டு இருபது கேக்.

எஃபி முகத்தின் முன்னால் தாளை விசிறிக்கொண்டே படித்தாள். "ஒண்ணுக்குப் போறது எத்தன மணிக்குன்னு போடலயே?"

"அது அவங்கவங்க வசதிப்படி" என்றான் டோர்க்வில், சிரிக்காமல்.

"இத்தன வருஷத்துல இப்பத்தான் என் வசதின்னு ஒண்ணு பேச்சுல வருது. அதுவும் எழுதல."

மர்டோவின் முதுகில் கேக் டப்பா. மேலே சர்க்கரைப் பாகில் இருநூற்று எண்பத்திரண்டு என்று எண்ணால் எழுதியிருந்தான். அதைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிவந்தான். சதுப்பில் ஒரு கால் முழங்கால் வரை இறங்கியபோதுகூடக் கைகளைப் பின்னால் கொடுத்து டப்பாவைத்தான் பிடித்தான்.

இரண்டாயிரம் அடியில் மூடுபனி எங்களை விழுங்கியது. முன்னால் போகிறவனின் குதிகால் மட்டும் தெரிந்தது. என்னுடைய போனில் வழிகாட்டி இருந்தது, எடுத்தேன்.

"உள்ள வை ஃபின்லே" என்றான் டோர்க்வில். "இருநூத்தி எண்பத்தோரு மலைய வரைபடமும் திசைகாட்டியும் வச்சு ஏறினவன் நான். கடைசியில பொம்மையப் பாத்து ஏறணுமா?"

"சரி வாத்தியாரே" என்று உள்ளே வைத்தேன். அவன் அடிகளை எண்ணிக்கொண்டு முன்னால் போனான். எஃபி எனக்குப் பின்னால் வந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கும் என்று நினைத்தேன். வாங்கியது எனக்கு. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிற கால்கள் அவை. என் மூச்சு வாங்கலை மீறி, ஊரில் யாருக்கு முடி கொட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பன்னிரண்டு எட்டுக்குத் தரை சமமானது. பனிக்குள்ளிருந்து இடுப்புயரக் கற்குவியல் ஒன்று மெல்ல வந்து நின்றது. எங்கள் மலைகளில் உச்சிக்கு அதுதான் அடையாளம். டோர்க்வில் தொப்பியைக் கழற்றி, கல்லின்மேல் கையை வைத்தான்.

"ரெண்டு நிமிஷம் சீக்கிரமா வந்துட்டோம்" என்றான் பிறகு. கண் கலங்கியிருந்தது. மூடுபனி என்றான்.

கைகுலுக்கினோம், முதுகில் தட்டினோம், விஸ்கி குடுவை ஒரு சுற்று வந்தது. படம் எடுத்தோம், படத்தில் ஒரு கல்லும் நாலு சாம்பல் பூதங்களும் இருக்கின்றன. எஃபி அவன் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு, "இப்ப என் வசதிக்குப் போயிட்டு வரேன். யாரும் இந்தப் பக்கம் பாக்காதீங்க" என்று பனிக்குள் போனாள்.

மர்டோ கேக்கை வெட்டினான். இன்னொரு சுற்று விஸ்கி. கால்மணி நேரமாயிற்று, எஃபி வரவில்லை. டோர்க்வில் எழுந்து நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். மூன்றாவது தடவை கத்தியபோது அவன் குரல் உடைந்தது. நான் ஊதலை எடுத்து ஊதினேன். வடக்குப் பக்கத்தில் செங்குத்துப் பாறை இருப்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அப்போது காற்று திரும்பியது. பனி கிழிந்து விலகியது. முதலில் ஆழத்தில் நீலமாக ஓர் ஏரி, பிறகு எங்கள் முகட்டின் மறுகோடி. அதற்கு மேல், முந்நூறு அடித் தூரத்தில் இன்னொரு கற்குவியல். எங்களுடையதைவிடப் பெரியது. அதன்மேல் எஃபி உட்கார்ந்து ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கத்தாதீங்கப்பா, காது கேக்குது!" என்று கையை ஆட்டினாள். "நான் பதில் சொன்னது உங்களுக்குத்தான் கேக்கல. இங்க வாங்க, இங்கயும் ஒண்ணு கட்டி வச்சிருக்காங்க! உங்களத விடப் பெருசா இருக்கு!"

மர்டோ என்னைப் பார்த்தான். நான் என் பூட்ஸைப் பார்த்தேன்.

டோர்க்வில் பாதி தண்ணீர் இருந்த புட்டியை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தான். தண்ணீரின் மட்டம் வழியாக எதிரிலிருந்த கற்குவியலைப் பார்த்தான். புட்டியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். தண்ணீருக்கு வாத்தியார் என்ற மரியாதையெல்லாம் தெரியாது.

"நாலு மீட்டர்" என்றான்.

"நாம கம்மியா?" என்று கேட்டான் மர்டோ, தெரியாதவன் மாதிரி.

"நாமதான் கம்மி."

"அடடா. கேக்க வேற வெட்டிட்டோமே. மேல எழுதின எண்ணுல கடைசி ரெண்டு ஏற்கனவே உன் வயித்துக்குள்ள போயிடுச்சு. இப்ப டப்பாவுல இருபத்தெட்டுதான் இருக்கு. கணக்கு சரியா வர, இருபத்தெட்டு மலை மட்டும் ஏறினவன்னு சொல்லிக்கலாமா?"

டோர்க்வில் பையை மாட்டிக்கொண்டு நடந்தான். அவன் நடந்த வேகம் கற்குவியலுக்காக இல்லை. மேலே போனதும் முதலில் எஃபியின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டான். அதற்கப்புறம்தான் கல்லைத் தொட்டான்.

"பயந்துட்டியா?" என்றாள் எஃபி.

"பாறை அந்தப் பக்கம் இருக்கு எஃபி."

"பாத்தேன். அதனாலதான் இந்தப் பக்கம் வந்தேன். நான் முட்டாள் இல்ல, மலை ஏறாதவ, அவ்வளவுதான்."

மறுபடியும் கைகுலுக்கினோம். விஸ்கி மறுபடியும் வந்தது. எல்லாம் அதோடு முடிந்திருக்கும். மர்டோவால் சும்மா இருக்க முடியவில்லை.

"வாத்தியாரே, ஒரு சந்தேகம். பாதி மலைய நீ பனியிலதான் ஏறியிருக்க. மிச்சம் இருநூத்தி எண்பத்தொண்ணும் உச்சிதானா? இல்ல, எவனாவது மதியச் சாப்பாட்டுக்கு அடுக்கி வச்ச கல்லா?"

நான் சிரித்தேன். டோர்க்வில் சிரிக்கவில்லை. அவன் முகம் போன போக்கைப் பார்த்து மர்டோவும் நிறுத்திக்கொண்டான்.

"ஒண்ணு இல்ல" என்றான் டோர்க்வில்.

"என்ன ஒண்ணு இல்ல?"

"ஸ்கூர் லியா. தொண்ணூத்தொண்ணுல. நான் தனியாப் போனேன். உச்சிக்கு முன்னாடி முப்பது அடி, கத்தி மாதிரி ஒரு விளிம்பு. ரெண்டு பக்கமும் ஒண்ணுமே இல்ல. ஒரு மணி நேரம் அங்கயே உக்காந்திருந்தேன். கால் வரல. இறங்கிட்டேன். வீட்டுக்கு வந்து புத்தகத்துல குறிச்சிட்டேன்." கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மத்ததெல்லாம் மையில. அது மட்டும் பென்சில்ல."

முப்பது வருடம் அவனோடு கூடாரத்தில் படுத்தவன் நான், எனக்கே தெரியாது. எஃபி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"தொண்ணூத்தொண்ணு, செப்டம்பர்" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு வந்து சாப்பிடாம படுத்த. ஒரு வாரம் என் முகத்தப் பாக்கல. எங்க போனன்னு கேட்டா, 'மலைக்கு'ன்னு சொல்லிட்டு எழுந்து போயிடுவ. புத்தகத்த அலமாரியில வச்சுப் பூட்டின." அவள் குரல் மெதுவாக ஏறியது. "எவளோ ஒருத்தி இருக்கான்னு நெனச்சேன் டோர்க்வில்! ஊர்ல ஒவ்வொருத்தியா எண்ணிப் பாத்தேன். நூலகத்துல வேல பாத்தாளே, அந்தச் செகப்பு முடிக்காரி, அவளுக்கு ஒரு வருஷம் பூரா வேணும்னே கோணலா வெட்டி விட்டேன்!"

"மிஸ் அபர்நெத்தியா?" டோர்க்வில்லுக்குத் திறந்த வாய் மூடவில்லை. "அவங்ககிட்ட நான் பேசினதுகூட இல்லையே!"

"அதான் எனக்கு இன்னும் சந்தேகமா இருந்துச்சு!"

மர்டோ திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. என் நிலைமையும் அதுதான். ஆனால் எஃபியின் கண்ணில் நீர் வந்ததையும் பார்த்தேன். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டோர்க்வில் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "பயந்தேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு எஃபி. அவ்வளவுதான்."

"அந்தச் சனியன் பிடிச்ச மலையக் காட்டு" என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எப்ப போறோம்?"

இரண்டு வாரம் கழித்துப் போனோம். அட்டவணை இல்லை, கேக் இல்லை. வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. அது வேறு வம்பு. விளிம்பின் இரண்டு பக்கமும் அடி வரைக்கும் தெரிந்தது. நான் கயிற்றைக் கட்டி முன்னால் போனேன். மர்டோ பின்னால் கயிற்றைப் பிடித்து நின்றான். டோர்க்வில் நிற்கவே முயலவில்லை; குதிரைமேல் உட்காருவதுபோல இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் அதே மாதிரி எஃபி.

பத்தடி போனதும் அவன் நின்றுவிட்டான். கை கல்லைப் பிடித்தது பிடித்தபடி இருந்தது.

"பதினேழாம் வாய்ப்பாடு சொல்லு" என்றாள் எஃபி.

"என்ன?"

"ஊர்ப் பிள்ளைங்கள எல்லாம் சொல்ல வச்ச இல்ல? சொல்லு. தப்பா சொன்னா இங்கயே விட்டுட்டுப் போயிடுவேன்."

"ஓர் பதினேழு பதினேழு" என்று தொடங்கினான். ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழம் நகர்ந்தான். ஏழாவது வரியில் குரல் நடுங்கியது, பன்னிரண்டில் தெளிந்தது. "பதினாறு பதினேழு இருநூத்தி எழுபத்திரெண்டு" என்று கத்தியபோது அவன் கை கற்குவியலைத் தொட்டுவிட்டது. சட்டையெல்லாம் வியர்வை, கால்சட்டையின் பின்பக்கம் கிழிந்து ஊருக்கே தெரிந்தது. வாழ்க்கையில் அவனை அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது அவனே முன்னால் வந்தான், உட்கார்ந்தபடிதான். காருக்குப் போய்ச் சேர்ந்ததும் பின்சீட்டில் விழுந்து தூங்கிவிட்டான். எஃபி என் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரிலிருந்த ஏரிக்கு அந்தப்புறம் பார்த்தாள்.

"அங்க மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு ஒண்ணு இருக்கே ஃபின்லே, அது என்ன?"

பெயரைச் சொன்னேன். ஏற எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள். சொன்னேன்.

இது நடந்து நாலு வருடமாகிறது. இப்போது எஃபி பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குப் போகிறாள். தான் ஏற்கனவே ஏறிய மலைகளிலேயே டோர்க்வில் மறுபடியும் அவள் பின்னால் போகிறான், சாப்பாட்டுப் பையோடு. இதுவரை எத்தனை ஏறினாய் என்று போன வாரம் அவளைக் கேட்டேன். தெரியாது, எண்ணவில்லை என்றாள். டோர்க்வில் வாயைத் திறந்தான். அவள் ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான்.