செவலைச் சேவலின் பித்தப்பை

கிவாங் நான்கு கோழிகளைக் கொண்டுவந்தபோதே மார்செலாவுக்குப் பிடிக்கவில்லை. காலைக் கட்டித் தலைகீழாகப் பிடித்திருந்தார். அதில் ஒன்று வந்த வழியெல்லாம் தும்மிக்கொண்டே வந்ததாம். அதையும் அவரே சொன்னார், ஏதோ தமாஷ் போல.

கிவாங் அவளுடைய செத்துப்போன கணவனின் அண்ணன். எழுபது வயது. அந்த மலைப்பக்கம் ஏழெட்டு ஊருக்குக் கோழியறுத்துப் பித்தப்பை பார்த்துச் சொல்கிறவர். கண் பார்வை மங்கிவிட்டது, ஆனால் எந்த வீட்டில் கோழி அறுக்கிறார்கள் என்பது மட்டும் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

"உங்கிட்ட இருக்கிறதே ஏழு. முதல் கோழி சரியா அமையலேன்னா ரெண்டாவது வேணும், அதுவும் அமையலேன்னா மூணாவது. அப்புறம் வந்த சனத்துக்குக் கறி வேண்டாமா? வச்சுக்க" என்றார்.

"தும்முதே அத்தான். கால்நடை ஆபீஸ் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கு. புதுசா வந்தத மூணு வாரம் தனியா அடைச்சு வைக்கணுமாம்."

"தனியாவா? நான் குடுத்த கோழி என்ன திருட்டுக் கோழியா, சிறையில வைக்க? சடங்குக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கு. தனியா தின்னா அது எப்படி உன் வீட்டுக் கோழி ஆகும்?"

அவர் சொன்னதும் சரிதான். கடல் தாண்டிப் போகிறவருக்காக அறுக்கும் கோழி அந்த வீட்டு முற்றத்துக் கோழியாக இருக்க வேண்டும், மற்றக் கோழிகளோடு ஒரே இடத்தில் இருபது நாளாவது தீனி தின்றிருக்க வேண்டும் என்பது கிவாங் குடும்பத்து வழக்கம். கடையில் வாங்கியதை அப்படியே அறுத்தால் அது கறி, அவ்வளவுதான். அதன் பித்தப்பை யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க முடியாது என்பது ஒருபக்கம், மூத்தவரை முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேச முடியாது என்பது இன்னொரு பக்கம். மார்செலா கட்டை அவிழ்த்து நான்கையும் முற்றத்தில் விட்டாள்.

கடல் தாண்டிப் போகப்போகிறவள் அவளுடைய ஒரே மகள் ஜெஸ்லின். இருபத்திரண்டு வயது. தைவானில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கடவுச்சீட்டு, மருத்துவச் சோதனை, பயிற்சி எல்லாம் முடிந்துவிட்டது. பாக்கி இருந்தது பித்தப்பை ஒன்றுதான். அது நிறைந்து, கரும்பச்சையாக, ஈரல் மேலே கவிந்து இருந்தால் போகலாம். சுருங்கி வெளுத்திருந்தால் போகக்கூடாது. பட்டணத்தில் படித்த பெண்களும்கூட அந்த ஊரில் இதை மீறி விமானம் ஏறியதில்லை.

மார்செலாவுக்கு மகள் போக வேண்டாம். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, பாதிரியாரிடம்கூட. சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஜெஸ்லினுக்கு நான்கு வயதாக இருக்கும்போது அவளே ஹாங்காங்கில் யாரோ பெற்ற இரட்டைக் குழந்தைகளை வளர்க்கப் போனவள். ஒன்பது வருஷம். அன்றைக்கும் பித்தப்பை பார்த்தவர் இதே கிவாங்தான். "இவ்வளவு அழகான பித்தப்பைய நான் என் ஆயுசுல பாத்ததில்ல" என்றார். ஆறாவது வருஷம் மழையில் மலைச்சாலை சரிந்து அவள் புருஷன் செத்தான். அவள் லீவு கேட்டு, விமானம் பிடித்து, பஸ் பிடித்து வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பத்து வயது மகள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவளை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டாள். அந்த ஒரு வார்த்தை இன்னும் அவள் நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடக்கிறது.

கோழிகள் வந்த ஐந்தாம் நாள் தும்மல் முற்றம் முழுக்கப் பரவியது. ஆகஸ்ட் மாத மழை வேறு. தரை காயவே இல்லை. முதலில் தும்மல், பிறகு மூக்கில் சளி, பிறகு ஒருபக்க முகம் வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். கிட்டே போனால் அழுகல் நாற்றம். இறகை உப்பிக்கொண்டு மூலையில் நின்றபடியே தூங்கி விழும். மறுநாள் பார்த்தால் பஞ்சாரத்துக்குள் விறைத்துக் கிடக்கும்.

மார்செலா சும்மா இருக்கவில்லை. அவளால் சும்மா இருக்கவும் முடியாது, கை அப்படிப்பட்ட கை. வெந்நீரில் உப்புப் போட்டு ஒவ்வொன்றின் முகத்தையும் துடைத்தாள். இஞ்சியும் பூண்டும் இடித்துச் சோற்றோடு பிசைந்து உருட்டித் தொண்டைக்குள் தள்ளினாள். கீழே இருக்கும் ஊருக்குப் போய் மருந்துப் பொடி வாங்கிவந்து தண்ணீரில் கலந்து வைத்தாள். தரைக்குச் சாம்பல் போட்டாள். அப்படியும் செத்தன.

ஒவ்வொன்று சாகும்போதும் அவளுக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. கோழியே இல்லாவிட்டால் பித்தப்பை ஏது, பயணம் ஏது? அடுத்த நிமிஷமே அவமானத்தில் முகம் சுட்டது. பிறகு அந்த அவமானத்துக்காகவே இன்னொரு கோழிக்கு இரண்டு உருண்டை கூடக் கொடுத்தாள்.

ஜெஸ்லின் தினமும் காலையில் செல்போனைப் பார்த்துச் சீன மொழி பழகுவாள். முற்றத்தில் நின்று கோழிகளை அந்த மொழியில் எண்ணுவாள். முதல் வாரம் பதினொன்று வரை எண்ணினாள். இரண்டாம் வாரம் ஆறோடு நின்றது.

"நல்லவேளை, சின்ன நம்பர் எல்லாம் நல்லா மனப்பாடம் ஆயிடுச்சு" என்றாள்.

"வாயக் கழுவுடி. அந்தப் புள்ளிப்பெட்டையப் புடி, கண்ணுக்கு மருந்து விடணும்."

"இதுக்கு ஒரு கண்ணு போயிடுச்சும்மா. விடேன், பாவம்."

"கண்ணு போனா என்ன? வாய் இருக்கில்ல, திங்கும்."

புள்ளிப்பெட்டைக்கு இடது கண் போய்விட்டது. ஆனால் அது பிழைத்துக்கொண்டது. மார்செலாவின் உள்ளங்கையிலிருந்து மட்டும்தான் தின்றது. அவள் "பா பா" என்றால் எங்கிருந்தாலும் தலையைச் சாய்த்து, நல்ல கண்ணால் அவளைத் தேடிக்கொண்டு கோணலாக ஓடிவரும். மூன்றாம் வாரம் கொண்டை சிவந்தது. இருபது நாள் முடிவதற்குள் முட்டைகூட ஒன்று இட்டது.

மிஞ்சியது அதுவும் செவலைச் சேவலும்தான். கிவாங் கொண்டுவந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. சேவல் ஒருநாளும் தும்மவில்லை. பளபளவென்று இறகோடு கூவிக்கொண்டு திரிந்தது. பார்க்கிறவர்களெல்லாம் இதுதான் ஜெஸ்லினை விமானம் ஏற்றப்போகிற சேவல் என்றார்கள்.

சடங்குக்கு மூன்று நாள் முன்பு சேவல் அடையும் கொம்புக்குக் கீழே சாம்பலில் பச்சைப் பச்சையாகக் கழிச்சலைப் பார்த்தாள் மார்செலா. மறுநாளும் இருந்தது. சேவல் வெளியே மினுக்கிக்கொண்டிருந்தாலும் கொண்டையின் நுனி வெளுக்கத் தொடங்கியிருந்தது. இது வேறு சீக்கு, ஈரலைத் தின்கிற சீக்கு. சின்ன வயதிலிருந்து கோழி அறுத்துக் கழுவிய கைக்கு உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாதா? இந்தச் சேவலை அறுத்தால் பித்தப்பை சுருங்கித்தான் இருக்கும்.

மருந்துப் பொடியில் அரைப் பொட்டலம் பாக்கி இருந்தது. அதைத் தேறிவிட்ட புள்ளிப்பெட்டைக்கே கலந்து வைத்தாள். சேவலுக்கு வைக்கவில்லை. கழிச்சல் மேல் ஒரு கை சாம்பலை அள்ளிப் போட்டு மூடினாள்.

சடங்கு நாள் காலை, பைன் மரங்கள் பாதி வரை பனியில் மறைந்திருந்தன. உறவுக்காரர்கள் பதினைந்து பேர் வந்து அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். உப்புக்கண்டம் போட்ட பன்றிக்கறித் துண்டு பானையில் கொதித்தது. கிவாங் ஒரு கிண்ணம் அரிசிக் கள்ளைக் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தார்.

"எதப்பா அறுக்கிறது?"

"சேவல" என்றாள் மார்செலா. "ஜெஸ்லின், புடிச்சுக் குடு."

ஜெஸ்லின் சேவலைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கையைச் சாக்குத் துணியில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். பிறகு தாயை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

கிவாங் செத்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார். கடைசியில் தம்பியையும் அழைத்தார். "தம்பி, உன் மக கடல் தாண்டிப் போறா. வழி எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுடா." சேவலின் சிறகிலும் கழுத்திலும் முறைப்படி குச்சியால் தட்டி, அடித்து, நெருப்பில் வாட்டி, வயிற்றைக் கீறித் திறந்தார். எல்லாரும் குனிந்தார்கள்.

ஈரல் பித்தளை நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. பித்தப்பை காய்ந்த அவரைக் கொட்டையளவுக்குச் சுருங்கி வெளுத்துக் கிடந்தது. மங்கிய கண்ணுக்கும் அது தெரிந்தது.

"வேணாங்கிறான்" என்றார் கிவாங், குரல் இறங்கி. "ரெண்டாவது அறுக்கணும்னா வீட்டுக்காரிதான் சொல்லணும். மார்செலா, என்ன சொல்ற?"

மார்செலா வாயைத் திறப்பதற்குள் ஜெஸ்லின் எழுந்துவிட்டாள். "வேணாம் பெரியப்பா. அப்பா சொன்னா சரி. நான் போகல." அழவில்லை. பக்கத்தில் கிடந்த கத்தியை எடுத்து, பானையில் போட வைத்திருந்த சௌசௌவைச் சீவத் தொடங்கினாள். தோலை எத்தனை மெல்லிசாகச் சீவ முடியுமோ அத்தனை மெல்லிசாகச் சீவினாள்.

மூன்று வாரமாக மார்செலா என்ன வேண்டினாளோ அது கிடைத்துவிட்டது. மகள் இதோ, இரண்டு முழத் தூரத்தில் இருக்கிறாள். இனி எங்கும் போகமாட்டாள். ஆனால் அந்தச் சௌசௌவைச் சீவுகிற கையைப் பார்க்க அவளால் முடியவில்லை. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஆயுசுக்கும் யாருக்கும் தெரியாது. செத்துப்போனவன் மேல் பழியைப் போட்டுவிட்டு அவன் மகளோடு சோறு தின்னலாம்.

"அது அவர் சொன்னதில்ல" என்றாள்.

"என்னது?"

"சேவலுக்குச் சீக்கு அத்தான். மூணு நாளா பச்சையாக் கழிஞ்சுது. தெரிஞ்சேதான் குடுத்தேன். வழியில ஒண்ணும் கோளாறு இல்ல, கோழியிலதான் கோளாறு."

கிவாங் கத்தியைக் கீழே வைத்தார்.

"என் தம்பிக்கு... செத்தவனுக்குச் சீக்குக் கோழியப் படைச்சியா? உன்ன என்ன செஞ்சா தகும்?"

"எது வேணாச் செய்யுங்க. ஆனா இந்த முற்றத்துக்குள்ள சீக்கே வந்தது நீங்க கொண்டாந்த நாலு கோழியாலதான். தனியா வைக்கிறேன்னு சொன்னேனே, விட்டீங்களா?"

யாரோ ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். கிவாங் கள்ளுக் கிண்ணத்தைத் தேடினார்.

"பெரியப்பா, அம்மாவத் திட்டாதீங்க" என்றாள் ஜெஸ்லின், தலையை நிமிர்த்தாமல். "எனக்கும் தெரியும். நான்தானே புடிச்சேன். வாலுக்கடியில பச்சையா அப்பியிருந்துச்சு."

மார்செலா மகள் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சும் ஏண்டி வாய மூடிக்கிட்டிருந்த?"

"நீ தெரிஞ்சுதான் புடிக்கச் சொல்றேன்னு தெரிஞ்சுது. உனக்கு இஷ்டமில்லேன்னு புரிஞ்சுது." கத்தியைக் கீழே வைத்தாள். "நீ போறப்ப எனக்கு நாலு வயசு. ஒரு கோழியக் கேட்டாங்க. என்ன யாரும் கேக்கல. அதான், உன்னக் கேக்காம நான் போகக்கூடாதுன்னு இருந்தேன். நீ வாயத் திறந்து போன்னும் சொல்லல, போகாதேன்னும் சொல்லல. சேவலத்தான் குடுத்த."

"உனக்குப் போகணுமா?"

"ஆமாம்மா" என்றாள் ஜெஸ்லின். அப்போதுதான் அழுதாள். "ரொம்பப் போகணும்."

மார்செலா எழுந்தாள். முற்றத்துக்கு இறங்கி நின்று "பா பா" என்றாள். புள்ளிப்பெட்டையைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. விறகுக் கட்டுக்குப் பின்னாலிருந்து தலையைச் சாய்த்துக்கொண்டு, கோணலாக ஓடிவந்து அவள் உள்ளங்கையைக் கொத்தியது. கையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் அவளை விட்டு நகரவில்லை. அவள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து கிவாங்கிடம் நீட்டினாள்.

"இத அறுங்க. வீட்டுக்காரி சொல்றேன்."

கிவாங் கோழியைத் தடவிப் பார்த்தார். "ஒரு கண்ணு இல்லையே."

"பாக்கப்போறது பித்தப்பையத்தானே, கண்ணையா? அறுங்க அத்தான்."

அவர் முதலில் தரையில் கள்ளை ஊற்றித் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டார், அவளுக்காகவும் தனக்காகவும். பிறகு பெயர்களை மறுபடி அழைக்கத் தொடங்கினார். மார்செலா அங்கே நிற்கவில்லை. செவலைச் சேவலை இறகோடு ஈரலோடு வாரிக் கூடையில் போட்டு, வயல் வரப்புக்கு அப்பால் ஆழமாகக் குழி தோண்டினாள், வேறு எந்த வீட்டுக் கோழியும் கிளறிவிடாதபடி. மேலே சுண்ணாம்பு தூவி மண்ணை மிதித்தாள்.

வீட்டுப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், சிரித்தார்கள். ஜெஸ்லின் வரப்பில் ஓடிவந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"அம்மா, வந்து பாரேன். நிறைஞ்சு, கரும்பச்சையா, ஈரல் அப்படியே மூடியிருக்கு. பெரியப்பா உன்னக் கூப்பிடுறாரு."

மார்செலா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"நான் பாக்க வேணாம். அது தேறிடுச்சுன்னு எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள்.