குடையில சொட்டின மழை

"உங்கண்ணன் பக்கம் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. இதுவும் அதே மலைதானேடி?"

"அதை மலைகிட்டப் போய்க் கேளுங்க. தண்ணி லாரி ஏன் நின்னுச்சுன்னு ஆபீஸ்ல கேட்டீங்களா இல்லையா?"

"கேட்டேன். இங்க போதுமான மழை பெஞ்சிருச்சாம், பதிவு இருக்காம். அளக்குறது உங்கண்ணன்தானே?"

"எங்கண்ணன் ஒரு சொட்டு கூடத் தப்பா எழுத மாட்டாரு. ஆபீஸ்ல எவனோ குளறுபடி பண்ணியிருக்கான்."

உள்ள தங்கச்சியும் மச்சானும் பேசுறாங்க, நான் வாசல்ல நிக்கிறேன். ஒரு செருப்பைக் கழட்டியாச்சு, இன்னொண்ணு கால்ல. கதவைத் தட்டக் கை வரல.

மழை அளக்குறதுதான் என் வேலை. மலைக்கு இந்தப்பக்கம் எங்க ஆபீஸ் பின்னாடி ஒரு குடுவை, அந்தப்பக்கம் தங்கச்சி ஊர் பள்ளிக்கூட வேலியோரம் ஒண்ணு. தினமும் விடியக்காலை பஸ்ல மலை ஏறி இறங்கிப் பாக்கணும். முட்டி வலின்னு ஒரு நாள் போகல. அந்த ஒரு நாள் மூணு மாசமாச்சு. எங்க பக்கம் நாப்பது மில்லிமீட்டர்னா அந்தப்பக்கத்துக்கு முப்பத்தாறுன்னு எழுதினேன். சந்தேகம் வரக்கூடாதுன்னு நாலு கொறைக்கிற புத்தி மட்டும் நல்லா வேலை செஞ்சுது. தங்கச்சி கேட்டா, பாத்துட்டு முதல் பஸ்லயே திரும்பிட்டேன்னு சொல்லுவேன்.

தெரியாமப் பண்ணியிருந்தாக்கூட மனசு ஆறும். ஈரக்காத்து மலையில முட்டி மேல ஏறும், ஏற ஏறக் குளிர்ந்து எங்க பக்கமே எல்லாத்தையும் கொட்டிடும். தாண்டி இறங்குறது வெறும் காத்து. பந்திக்குப் பிந்தினவங்களுக்குக் காலிப் பாத்திரம்தான். ஆபீஸைச் சுத்திப் பாக்க வர்ற பிள்ளைங்களுக்கு இருபது வருஷமா இதைச் சொல்லிக் குடுக்குறவனே நான்தான்.

லாரி நின்னுடுச்சுன்னு தங்கச்சி போன்ல சொன்னதும், ஒத்துக்கணும்னுதான் அன்னிக்கு பஸ் ஏறினேன்.

உள்ள போனதும் மச்சான் என் கையைப் பாத்துட்டு, "என்ன மச்சான், குடையோட வந்திருக்கீங்க? எங்க ஊரைக் கேலி பண்றீங்களா?"ன்னு சிரிச்சாரு. தங்கச்சி பானையைச் சாய்ச்சுச் சாய்ச்சு ஒரு டம்ளர் தண்ணி எடுத்தா. அவ்வளவு சாய்க்கணும்னா உள்ள எவ்வளவு இருக்கும்?

"குடிண்ணே. உனக்கு இல்லாததா?" அப்படியே மச்சான் பக்கம் திரும்பி, "இப்ப நேர்லயே கேட்டுக்குங்க. நீ வந்து பாத்துதானேண்ணே எழுதுற?"

"ம்"னேன்.

அவ்வளவுதான் வந்துச்சு. டம்ளரைக் குடிக்காமக் கீழ வச்சேன்.

தங்கச்சி ஈரக்குடையை வாங்கி ஆணியில மாட்டினா. மாட்டிட்டு, யாரும் சொல்லாமலே ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து அதுக்கு அடியில வச்சா. டொக், டொக்னு சொட்டிச்சு. மச்சான் அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

எங்க ஆபீஸுக்கு உண்மையை எழுதி வச்சுட்டேன், இன்னும் குடுக்கல. குடுத்துடுவேன், வேலை போனாப் போகட்டும். அந்த "ம்"மைத்தான் அவகிட்ட எப்படித் திருப்பி வாங்குறதுன்னு தெரியல. வீட்டு மனுஷங்ககிட்ட இப்படி ஒண்ணை ஒத்துக்கிட்டவங்க யாராவது இதைப் படிச்சா, முதல் வார்த்தையா என்ன சொன்னீங்கன்னு கீழ எழுதுங்க.