இரண்டு கோடுகளுக்கு நடுவே

வானத்தை ஆராய்கிறவள் என்றால் எந்நேரமும் அண்ணாந்து பார்த்தபடி நிற்பாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுடைய பொழுதில் பாதிக்கு மேல் குனிந்த தலையோடுதான் கழிந்தது. வானாய்வு நிலையத்தின் பின்பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, இரண்டு கணினித் திரைகள், ஒரு சக்கரம் எப்போதும் மக்கர் பண்ணும் நாற்காலி. தொலைநோக்கி எடுத்து வைத்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, கண்ணாடியில் விழுந்த தூசியின் கறையைக் கழித்து, வெளிச்சம் கூடிக் குறைகிற நட்சத்திரங்களை அளந்து எழுதுவாள். அரிசியில் கல் பொறுக்குகிற வேலை என்று அண்ணி அதற்குப் பெயர் வைத்திருந்தாள். பெரிதாக ஒன்றும் தப்பில்லை.

அந்த வேலை சோறு போட்டது. உயிர் கிடந்தது வேறு இடத்தில். நாலு நாள் விடுப்பு கிடைத்தால் கேமராவையும் முக்காலியையும் தோளில் மாட்டிக்கொண்டு கிடைத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். போகிற இடமெல்லாம் வானத்தைப் படம் எடுப்பாள். அண்ணனுக்காக மட்டும் போன வழியில் ஒரு சாலையையும் எடுத்து வருவாள்.

ஊர் சுற்றும் புத்தியே அண்ணன் கொடுத்ததுதான். பதினான்கு வயது மூத்தவன், லாரி டிரைவர். பெற்றவர்கள் போன பிறகு, பள்ளி விடுமுறைகளில் தங்கையை யாரிடம் விட்டுப் போவது என்று தெரியாமல் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டவன். கிளீனர் உட்கார வேண்டிய இடத்தில் ஆறு வயதுப் பெண் உட்கார்ந்து, கால் தரைக்கு எட்டாமல், ஊர் ஊராகப் போனாள். அன்றிலிருந்து அவன் வாயில் அவளுக்கு ‘கிளீனர்’ என்றுதான் பெயர். அவள் முனைவர் பட்டம் வாங்கி வந்த அன்றும், கிளீனர் டாக்டராகிவிட்டார், இனிமேல் கண்ணாடி துடைக்க வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்த அண்ணனுக்குச் சர்க்கரை. கால் மரத்துப் போயிருந்தது அவனுக்கே தெரியாது. கேபினின் தரை எஞ்சின் சூட்டில் கொதிக்கும். ஒரு நீண்ட ஓட்டத்தில் வலது குதிகால் வெந்து கொப்புளம் போட்டதை, வீட்டுக்கு வந்து அண்ணி செருப்பைக் கழற்றியபோதுதான் பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் புண் எலும்புக்குப் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் மாட்டேன் என்றான். கத்தவில்லை, அழவில்லை. ஆக்ஸிலேட்டர் மிதிக்கிற காலைக் கொடுத்துவிட்டு எதற்கு இருப்பது என்று ஒருமுறை சொன்னான். அப்புறம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைக்க ஆரம்பித்தான். அண்ணி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். காலையில் கடைக்கும் மதியம் ஆஸ்பத்திரிக்குமாக நடந்து நடந்து பாதியாகிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தங்கைக்கு ஏற்கெனவே கேட்டிருந்த விடுப்பு வந்தது. போக மனமில்லை. அண்ணன்தான் விரட்டினான், இங்கே உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருக்காதே, போய் ஒரு ரோடு கொண்டு வா என்று.

அவள் போனது மலைக்கணவாய் ஒன்றுக்கு. கனரக வண்டிகளுக்கு அனுமதி இல்லாத பாதை. இருபது வருஷமாக அதன் அடிவாரத்தில் போய் வந்தும் அண்ணன் ஒருதடவைகூட மேலே ஏறியதில்லை. அங்கே இரண்டு இரவு படம் எடுத்தாள். தங்கும் விடுதியில் உட்கார்ந்து அதே வானத்தின் பழைய படம் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, பழையதில் இல்லாத ஒரு புள்ளி புதியதில் இருந்தது. இரண்டாம் இரவும் அதே இடத்தில் இருந்தது. மங்கலாகக் கிடக்கும் ஒரு நட்சத்திரம் திடீரென்று பல்லாயிரம் மடங்கு வெளிச்சமாவது உண்டு. புது நட்சத்திரம் என்று அதற்குத்தான் பெயர். உலகத்து வானியலாளர்கள் எல்லாரும் பார்க்கும் பக்கத்தில் அறிவிப்புப் போட்டாள். மறுநாளே வெவ்வேறு தேசங்களிலிருந்து இரண்டு பேர், ஆமாம், இருக்கிறது என்று எழுதினார்கள்.

சனிக்கிழமை ஊர் திரும்பியவள் அந்தப் படத்தை அச்சுப்போட்டு அண்ணனிடம் கொடுத்தாள். ஆயிரம் புள்ளிகளுக்குள் எது என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக அவர்கள் தொழிலில் புள்ளியின் பக்கத்தில் இரண்டு சின்னக் கோடு போடுவார்கள். அந்தக் கோடுகளை அண்ணன் வெகுநேரம் பார்த்தான். எங்கே நின்று எடுத்தாய், எத்தனை வளைவு, ரோடு எப்படி என்று கேட்டான். கூட்டிப்போய்க் காட்டுகிறேன், காரில் போனால் விடுவார்கள் என்றாள். அன்று ராத்திரி சாப்பிட்டான். மறுநாள், வரும் வியாழக்கிழமைக்குக் குறித்த ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டான். நர்ஸ், வார்டு பெருக்குகிறவர், பக்கத்துக் கட்டில்காரர் எல்லோருக்கும் படம் காட்டியாகிவிட்டது. மணிக்கு ஒருதரம் போனில் அந்த அறிவிப்புப் பக்கத்தைத் திறந்து, நம்முடையதைப் பற்றி யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பான். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ஆனாலும் விடமாட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் அந்தச் சக்கரம் கெட்ட நாற்காலியில் உட்கார்ந்து, நிலையத்தின் பெரிய தொலைநோக்கி எடுத்த படத்தைத் திறந்தாள். புள்ளி இருந்தது. ஆனால் ஒரு மயிரிழை தள்ளி இருந்தது.

நட்சத்திரம் நகராது. நகர்ந்தால் அது சூரியனைச் சுற்றுகிற ஏதோ ஒரு கல், சிறுகோள் என்பார்கள். அந்தச் சிறுகோள்களும் வருஷத்தில் சில நாள், நாம் பார்க்கிற கோணத்தில், போன வழியே திரும்பத் தொடங்குகிற ஓர் இடத்துக்கு வரும். அந்த இரண்டு மூன்று நாளும் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். அவள் கணவாயில் இருந்ததும் சரியாக அந்த நாட்களில்தான். சிறுகோள் பட்டியலில் அவள் தேடாமலும் இல்லை. எவ்வளவு மங்கலானது வரை தேட வேண்டும் என்று அதில் ஒரு கட்டம் உண்டு. போன மாதம் வேறு வேலைக்காகப் போட்ட எண்ணை மாற்றாமல் தேடியதில், இவ்வளவு மங்கலான கல் வராமலே போயிருக்கிறது. இப்போது மாற்றிப் போட்டதும் முதல் வரியிலேயே வந்து நின்றது. ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே யாரோ கண்டு, எண் கொடுத்து வைத்த கல்.

நிலையத்து இயக்குநர் அம்மா படத்தைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் ஒருமுறை இதில் விழுந்து எழுந்தவர்கள்தான், அறிவிப்பை வாபஸ் வாங்குவதாக எழுதி உடனே அனுப்பு என்றார். நாளை இரவு தூர தேசத்தில் ஒரு பெண், மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த பெரிய தொலைநோக்கியை அந்தப் புள்ளிக்காகத் திருப்பப் போகிறாளாம்.

அவள் வாபஸை எழுதினாள். நாலு வரி. அனுப்புகிற பொத்தானின் மேல் விரல் போகவில்லை. அனுப்பினால் அடுத்த மணிக்கு அண்ணன் அதைப் படிப்பான்.

லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாடிப்படி முக்கில் அண்ணியை நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள். அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“வியாழக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதேம்மா. ரெண்டே நாள். அதுக்கப்புறம் வானமே பொய்யின்னு சொன்னாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

“அனுப்பலைன்னா நாளைக்கு அங்க ஒருத்தங்களுக்கு ராத்திரி வீணாப் போயிடும், அண்ணி.”

“போகட்டும். அவங்களுக்கு ஒரு ராத்திரிதானே போகுது? இங்க ஆளே போயிடும்.”

அண்ணி சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அண்ணி சாப்பாட்டுக் கேரியரோடு வார்டுக்குள் போனாள். தங்கை தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். மடியில் லேப்டாப் சூடாக இருந்தது.

உட்கார்ந்திருந்தபோது ஒரு பழைய மதியம் நினைவுக்கு வந்தது. எட்டு வயதிருக்கும். ஒரு கிடங்கில் அண்ணன் லாரியைப் பின்னால் எடுக்கிறான். பின்னால் நின்று ‘வரலாம், வரலாம்’ என்று குரல் கொடுப்பது கிளீனர் வேலை. வெயில் கண்ணில் அடித்ததில் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் அண்ணன் முகம் வாடிவிடுமோ என்று ‘வரலாம்’ என்றாள். வண்டியின் பின்கதவு சுவரில் இடித்து நெளிந்தது. முதலாளியிடம் அண்ணன் தன் தப்பு என்று சொன்னான். அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்று: நான் உன் கண்ணை வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

எழுந்து உள்ளே போனாள்.

அண்ணன் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். படம், மருந்து அலமாரியின் மேல் தண்ணீர் பாட்டிலில் சாய்ந்திருந்தது. அண்ணி அவளுடைய முகத்தைப் பார்த்தாள், தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று.

“அண்ணே, அது நட்சத்திரம் இல்ல.”

“எது?”

“நம்மளுது. நான் தப்பாப் பாத்துட்டேன்.”

கேரியரைத் திறந்துகொண்டிருந்த அண்ணியின் கை அப்படியே நின்றது. தங்கை எல்லாவற்றையும் சொன்னாள். கட்டத்தில் மாற்றாமல் விட்ட எண்ணையும் மறைக்கவில்லை. அண்ணன் கண்ணாடியைக் கழற்றி, போர்வை நுனியில் துடைத்து, மறுபடி போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

“அப்ப அது ஓடிக்கிட்டுதான் இருந்துச்சா?”

“ஆமாண்ணே. திரும்புற இடம். அதான் நிக்கிற மாதிரி தெரிஞ்சுது.”

“எதிர்ல நேரா வர்ற வண்டியும் அப்படித்தான். லைட்டு நின்னது நின்னபடி தெரியும். புதுசா வர்ற டிரைவருங்க அதுலதான் மாட்டுவாங்க.” கண்ணாடியை மடக்கி வைத்துவிட்டு, “இத்தனை வருஷம் என் பக்கத்துல உக்காந்து வந்தவளுக்கு இது தெரியலையே” என்றான்.

சிரிப்பதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. அவள் தலை குனிந்துகொண்டாள்.

அதற்குப் பேர் இருக்கிறதா என்று கேட்டான். பேர் இல்லை, நம்பர்தான் என்றாள்.

“வண்டின்னா நம்பர்தானே இருக்கும்” என்று சொல்லிவிட்டு அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அண்ணி அவளோடு பேசவில்லை. சாதம் ஆறியது. பக்கத்துக் கட்டில்காரர்கூட ரேடியோவை அணைத்துவிட்டார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, நாலு வரியை மறுபடி ஒருமுறை படித்து, அனுப்பினாள். ஒரு மணி நேரம் போயிருக்கும். அண்ணன் திரும்பாமலே நர்ஸைக் கூப்பிட்டு, தான் கையெழுத்துப் போட்ட தாளைக் கொண்டுவரச் சொன்னான். கிழிக்கத்தான் கேட்கிறான் என்று அண்ணியும் அவளும் நினைத்தார்கள்.

தாள் வந்தது. அண்ணன் எழுந்து உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டான்.

“அந்தக் கணவாய்க்குக் கூட்டிட்டுப் போறேன்னியே. அதுவும் தப்பாப் பாத்ததா?”

“இல்லண்ணே.”

“தெரியாம சொல்லாதே.”

“தெரிஞ்சுதான் சொல்றேன். நாலு மணி நேரம். கடைசி மூணு வளைவுல ரோடு மோசம். கார்ல போய், மேல சக்கர நாற்காலியில இறங்கணும். நான் தள்ளுவேன்.”

அண்ணன் தாளை முழுக்கப் படித்தான். ‘வலது’ என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தான். பிறகு அதை நர்ஸிடமே திருப்பிக் கொடுத்தான். அண்ணி கேரியர் மூடியை எடுத்துக்கொண்டு வெளியே போய், தாழ்வாரத்துக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அந்தச் சத்தம் உள்ளே கேட்டது. அண்ணன் இரண்டு வாய் சாப்பிட்டான், அவ்வளவுதான்.

புதன்கிழமை மாலை டாக்டர் வந்து, எடுக்க வேண்டிய காலின் மேல் பேனாவால் அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார். தப்பான காலை எடுத்துவிடக் கூடாதே, அதற்காக. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னையும் குறிச்சிட்டாங்க, கிளீனரே” என்றான்.

அவள் மரத்துப்போன அந்தப் பாதத்தின் மேல் கையை வைத்தாள். தான் தொடுவது அவனுக்குத் தெரியாது என்று தெரிந்தும் எடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அண்ணன் வீட்டுக்கு வந்தான். முதல் நாட்கள் நல்லபடியாக இல்லை. இல்லாத குதிகால் எரிகிறது என்று விடியலில் எழுந்து உட்கார்ந்துகொள்வான். அண்ணி அவன் முதுகைத் தடவிக்கொடுப்பாள். நாத்தனாரோடு அவள் பேச்சு இன்னும் பழைய மாதிரி ஆகவில்லை. ஆனால் இரவில் அவளுக்கும் சேர்த்துத் தட்டு வைக்க ஆரம்பித்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நிலையத்தில் எடுத்த புதிய படம் ஒன்றை அச்சுப்போட்டு வந்தாள். அதே வானம், அதே நட்சத்திரங்கள். அண்ணன் பழைய படத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்தான். பழையதில் கோடுகள் இருந்த இடத்தைப் புதியதில் விரலால் தேடினான். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் கறுப்பு.

எங்கே போயிற்று என்று அவன் கேட்கவில்லை. அவளும் காட்டவில்லை. படங்களை ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். வெயில் கட்டிலை விட்டு இறங்கித் தரைக்கு வந்துவிட்டது. அண்ணி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

“பேனா கொடு” என்றான்.

புதிய படத்தின் மேலே, ஓரத்தில், பழையதில் இல்லாத ஒரு மங்கல் புள்ளியின் பக்கத்தில் ஒரு கோடு போட்டான். பிறகு இன்னொன்று. இரண்டாவது கோடு கோணலாக விழுந்தது. சரியா என்று அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் குனிந்து பார்த்தாள். அவசரப்படாமல், பழைய படத்தையும் வைத்து ஒருமுறை பார்த்தாள்.

“வரலாம், அண்ணே” என்றாள்.